பழைய கேமரா அமைப்பைக் கழற்றிவிட வேண்டுமா, சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா?

எந்த நிறுவனத்தின் ஐபி கேமரா (கணினி வலையமைப்பு வழியே படம் அனுப்பும் வகை) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று தோன்றுகிறது. நீங்கள் இருப்பது பெங்களூரில்; கும்பகோணத்தில் உங்கள் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கும் தனி வீடு. 2017-இல் பொருத்திய இரண்டு மெகாபிக்சல் கேமராக்கள் நான்கு, அவற்றின் படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டியான டிவிஆர் ஒன்று, அதற்குள் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். கேட்டைப் பார்க்கும் கேமரா மட்டும் இரவில் அணைந்து அணைந்து வருகிறது. பக்கத்து வீட்டில் திருட்டுப் போய், வெளியூர் சென்றிருந்த அவர்கள் பதினைந்து நாள் கழித்துத் திரும்பியபின் காவல் நிலையத்திலிருந்து வந்து கேட்டபோது, உங்கள் டிவிஆரில் அந்த நாளின் பதிவு இல்லை. கடைக்காரரோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். ஆக, இருக்கும் அமைப்பை இன்னும் நம்பலாமா, எதைச் சரிசெய்தால் போதும், எதை மாற்றாமல் விட்டால் ஆபத்து என்பதுதான் உங்கள் கேள்வி. மின்னணுவியல் படித்து, காவிரிப் படுகை ஊர்களில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கேமராவும் அலாரமும் பொருத்திப் பராமரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன் என்பதால், அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. நேரில் அளந்து பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்கிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் நேரலைப் படம் தெரிகிறது என்பதால் டிவிஆரில் பதிவாகிறது என்று பொருள் இல்லை. ஹார்டு டிஸ்க் முற்றிலும் செத்துப்போன டிவிஆர்கூட நான்கு கேமராக்களின் படத்தையும் டிவியிலும் கைபேசியிலும் பளிச்சென்று காட்டும். டிஸ்க் பழுதானால் பெரும்பாலான டிவிஆர்கள் விடாமல் பீப் ஒலி எழுப்பும். ஆனால் அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று வீட்டார் சொல்ல, சர்வீஸுக்கு வந்தவர் மெனுவில் அந்த ஒலியை நிறுத்திவிட்டுப் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் நீங்கவில்லை, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. ஆகவே ஊருக்குப் போனதும் நீங்கள் முதலில் திறக்க வேண்டியது நேரலையை அல்ல, பழைய பதிவைப் பார்க்கும் பிளேபேக்கை. அதிலுள்ள நாள்காட்டியில் பதிவு உள்ள நாட்கள் நிறத்தாலோ புள்ளியாலோ குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாளும் குறிக்கப்படவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது அல்லது ஃபார்மேட் ஆகாமல் கிடக்கிறது. கடைசிப் பத்துப் பதினொரு நாட்கள் மட்டும் இருந்தால் பழுதே இல்லை. திருட்டு நடந்த நாளின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது.

இந்த இரண்டாவது காரணம் உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியதுதான். எச்.264 என்ற சுருக்கும் முறையில் காணொளியைப் பதியும் பழைய டிவிஆரில் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்திருந்தால், நான்குக்கும் சேர்த்து 8 மெகாபிட், அதாவது நொடிக்கு ஒரு மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள் என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைட் செலவாகும். ஒரு டெராபைட் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பி, பழைய பதிவை அழித்து எழுதத் தொடங்கும். பதினைந்தாம் நாள் வந்து கேட்டால் எந்தக் கேமராவாலும் கொடுக்க முடியாது. எச்.265 முறையில் பதியும் ரெக்கார்டரானால் அதே தரத்துக்குத் தோராயமாகப் பாதி இடம் போதும். அதோடு இரண்டு டெராபைட் டிஸ்க்கும் சேர்ந்தால் நாற்பது நாளைத் தாண்டிப் பதிவு நிற்கும். அசைவு தெரியும்போது மட்டும் பதியும்படி வைத்தும் நாட்களைக் கூட்டலாம். ஆனால் கேட் கேமராவுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அசைவை உணர்ந்து பதியத் தொடங்குவதற்குள் ஆள் உள்ளே வந்துவிட்ட பதிவுகளைப் பார்த்திருக்கிறேன்.

நாள்காட்டியில் என்ன தெரிந்தாலும் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளும் ஓயாமல் சுழன்ற டிஸ்க், இன்று நன்றாக இருப்பதால் நாளையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்ற, கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்ட வகையைப் பெட்டி பிரிக்காமல் வாங்கிப் பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். கணினிக்கான சாதாரண டிஸ்க்கையோ, பழைய டிவிஆரிலிருந்து கழற்றியதையோ போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டிவிஆர் எத்தனை டெராபைட் வரை ஏற்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கும். கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு வழக்கு நடக்கிறது என்பதால், காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது, இரவில் மட்டும் அணைந்து அணைந்து வரும் கேட் கேமரா. இது கேமராவின் பழுது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். நான் முதலில் சந்தேகிப்பது அதற்குப் போகும் மின்சாரத்தை. பகலில் அந்தக் கேமரா சுமார் 0.2 ஆம்பியர் இழுக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கி அது 0.4 ஆம்பியருக்கு மேல் போகும். வீடுகளில் ஓட்டும் 3+1 கேபிளில் வீடியோவுக்கான கோஆக்சியல் கம்பியோடு வரும் மின்கம்பிகள் மிக மெல்லியவை. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் மின்தடை 5 ஓமைத் தாண்டும், அதில் 0.4 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கிளம்பினாலும் கேமராவுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் போய்ச் சேரும். கேமரா அணையும், எல்இடி அணைவதால் மின்னழுத்தம் ஏறும், கேமரா மறுபடி எழும், மறுபடி எல்இடி எரியும், மறுபடி விழும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். மலிவான கேபிள்களில் அதுதான் அதிகம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இதைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் முழுக்க மூடினால் இரவு வந்துவிட்டதாக எண்ணி அது மாறிக்கொள்ளும். உள்ளே ஃபில்டர் நகரும்போது சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். அந்த நிலையில், கேமரா இணைப்பிலேயே இருக்கும்போது, அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் முனையில் அளந்தால் எப்போதும் 12 தான் காட்டும். பல சர்வீஸ்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 11-க்கு மேல் நின்றால் கேபிளில் குறையில்லை. 10.5-க்குக் கீழே போனால் கேபிளோ இணைப்போ எஸ்எம்பிஎஸ்ஸோ காரணம். எஸ்எம்பிஎஸ் பெட்டியிலேயே அளந்து அங்கும் குறைந்திருந்தால் அதன் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று பொருள்; அப்படியானால் பெரும்பாலும் மற்ற கேமராக்களும் இரவில் தடுமாறும். இரண்டு இடத்திலும் அளவு சரியாக இருந்தும் கேமரா அணைந்தால்தான் கேமராவே பழுது. கேட் கேமரா மட்டும் தடுமாறுகிறது, அதுதான் டிவிஆரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கேபிள் அல்லது இணைப்பு என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அளந்து பார்க்கும்வரை அது ஊகம்தான். கேபிள்தான் என்றால் கேட்டுக்குத் தடித்த செம்பு மின்கம்பி ஒன்றைத் தனியாக ஓட்டினாலே போதும். வீடியோ கம்பியைத் தொட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

இணைப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பக்கத்துக் கோளாறுகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கேமராவின் பின்னால் தொங்கும், வீடியோ கம்பிக்கான பிஎன்சி இணைப்பானையும் மின்சாரத்துக்கான டிசி பின்னையும் ஒரு பிவிசி பெட்டிக்குள் வைத்து மூடாமல், இன்சுலேஷன் டேப் சுற்றிச் சன்ஷேடுக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் அந்த டேப் பிசினாகி, உள்ளே பச்சைப் பூத்துவிடும். அதன்பின் படத்தில் கோடு ஓடும், நிறம் போகும், மழை நாளில் படமே போய்த் திரையில் 'வீடியோ லாஸ்' என்று வரும். புது இணைப்பான் விலை மிகக் குறைவு. நான்கையும் வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லிப் பெட்டிக்குள் வைத்து, கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன் சற்றுக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடச் சொல்லுங்கள், கேபிளோடு வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். பெட்டியின் துளைகளையும் அடைக்க வேண்டும். எறும்பும் பல்லியும் எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பைத் தேடி வந்து தங்குகின்றன. பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆன சப்ளைகள் ஒன்றிரண்டு அல்ல. சிலந்தி வலையையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை இழை, இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் முழுவதையும் வெள்ளையடித்து, அசைவு எச்சரிக்கையை விடிய விடிய அனுப்பிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை நீளக் கம்பில் மென்மையான பிரஷ்ஷைக் கட்டித் தட்டிவிடுவது அப்பா செய்யக்கூடிய வேலையல்ல, ஏணியில் ஏற வேண்டிவரும் என்று நினைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் தரையில் நின்றபடியே செய்யச் சொன்னால் போதும்.

இடியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழையிலும் கோடை மழையிலும் கேமரா அமைப்புகள் கொத்தாகப் பழுதாகி வரும். வெளியே சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து டிவிஆர் வரை உலோகக் கம்பி நேராகப் போவதால், அருகில் எங்கோ விழும் மின்னலின் தூண்டல்கூட டிவிஆரின் ஒரு சேனலை எரித்துவிடப் போதுமானது. வீட்டு எர்த் நன்றாக இருக்க வேண்டும், மெயின் போர்டில் சர்ஜ் தடுப்புச் சாதனம் (மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தணிப்பது) இருக்க வேண்டும். இவை இரண்டும் சேதத்தைக் குறைக்கும். நேரடி மின்னலை எதுவும் தடுக்காது, தடுக்கும் என்று விற்பவரை நம்ப வேண்டாம். எர்த் குழியை எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று பெற்றோரிடம் கேளுங்கள்; வீடு கட்டிய ஆண்டைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

மின்தடையின்போது என்ன ஆகிறது என்பதை, ஊரில் இருக்கும்போது மெயின் எம்சிபியை நீங்களே இறக்கிவிட்டுப் பாருங்கள். டிவிஆர், நான்கு கேமரா, ஃபைபர் இணைப்புப் பெட்டி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்தும் ஐம்பது வாட் அளவுதான் எடுக்கும். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இந்தச் சுமை ஒன்றை மட்டும் ஓர் இரவு முழுவதும் தாங்கும். ஆனால் பல வீடுகளில் டிவிஆர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், ஃபைபர் பெட்டி சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் பதிவு ஓடும், உங்கள் கைபேசிக்கு எதுவும் வராது. பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு அது அமைப்பே இல்லாததற்குச் சமம். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் டிவிஆர் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்புறமுள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள்.

டிவிஆரின் கடிகாரமும் மின்தடையோடு தொடர்புடையதுதான். உள்ளே நாணயம் அளவில் ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி 2000 என்கிற மாதிரி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடும். பதிவு இருக்கும், தேடும் நாளில் கிடைக்காது. பக்கத்து வீட்டு விவகாரத்தில் இப்படியும் நடந்திருக்கலாம் என்பதால், நாள்காட்டியில் பழைய ஆண்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பேட்டரியை மாற்றி, இணைய நேரத்தோடு ஒத்துப்போகும் என்டிபி வசதியை இயக்கி, நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு சம்பவம் நடந்தபின் கடிகாரம் தவறாக இருப்பது தெரிந்தால் மட்டும் உடனே திருத்த வேண்டாம். டிவிஆர் காட்டும் நேரமும் கைபேசி காட்டும் நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி புகைப்படம் எடுத்து, வித்தியாசத்தை எழுதிவைத்து, காவல்துறையிடம் சொன்னபின் திருத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் கொடுக்கும்போது, அது எந்தச் சாதனத்திலிருந்து எடுக்கப்பட்டது என்கிற சான்றிதழும், நகல் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடான அதன் ஹாஷ் மதிப்பும் உடன் செல்ல வேண்டும். முன்பிருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்னதன் தொடர்ச்சியாக இதைப் பார்க்கலாம். சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள். நடைமுறையில் நான் சொல்வது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியோடு நின்றுவிடாமல், டிவிஆரிலிருந்து நேராகப் பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள், மூலப் பதிவை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

இனி மேம்படுத்தும் பேச்சுக்கு வருகிறேன். எட்டு மெகாபிக்சல் போட்டால் முகம் தெளிவாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மெகாபிக்சலை விட லென்ஸ் முக்கியம் என்பது என் அழுத்தமான கருத்து. முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஈசி 62676-4-இன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்தது. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். இரண்டு மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல் என்பதால், காட்சியின் அகலம் ஏழரை மீட்டருக்குள் இருந்தால்தான் முகம் பிடிபடும். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் நூறு பாகைக்கு மேல் விரிந்து பார்ப்பதால், மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் தாண்டிவிடும். அதே இரண்டு மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் ஏறக்குறைய ஏழெட்டு மீட்டர் வரை முகம் கிடைக்கும், ஆனால் பக்கவாட்டில் தெரிவது குறையும். ஆகவே கேட்டில் வருபவரின் முகத்துக்காக 6 மில்லிமீட்டர் கேமரா ஒன்று, முற்றம் முழுவதையும் பார்க்க இப்போதிருக்கும் அகன்ற கேமரா ஒன்று என்று பிரித்துக்கொள்வது, நான்கையும் எட்டு மெகாபிக்சலாக மாற்றுவதைவிடச் செலவும் குறைவு, பலனும் அதிகம். உயரத்தையும் பாருங்கள். திருடன் தொடக்கூடாதென்று பன்னிரண்டு அடி உயரத்தில் வைத்த கேமரா தலைமுடியையும் தொப்பியையும்தான் படமெடுக்கும். முகத்துக்கான கேமரா எட்டு அடி அளவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பகல் வெளிச்சத்துக்கு உரியது, இரவில் தூரம் சுருங்கும். கேட்டில் ஒரு எல்இடி விளக்கு விடியும்வரை எரிவது எந்தக் கேமராவுக்கும் பெரிய உதவி.

கடைக்காரர் சொல்வதில் ஒன்றை நான் முழுமையாக ஏற்கிறேன்: டிவிஆரை மாற்ற வேண்டும். ஆனால் காரணம் வேறு. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலை கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் சேவையைத் தாக்கிப் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2021 செப்டம்பரில், கடவுச்சொல்லே இல்லாமல் சாதனத்தைக் கைப்பற்ற வழிவிடும் குறை தங்கள் தயாரிப்புகள் சிலவற்றில் இருப்பதாக ஹைக்விஷன் நிறுவனம் அறிவித்துத் திருத்தமும் வெளியிட்டது. அத்தகைய திருத்தங்கள் 2017-ஆம் ஆண்டுச் சாதனத்துக்கு இன்னும் வருகின்றனவா என்று உற்பத்தியாளரின் தளத்தில் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அது இணையத்தில் இருக்கக் கூடாத பெட்டி. மாற்றும்வரை வெளியிலிருந்து டிவிஆருக்கு நேராக வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங், யுபிஎன்பி இரண்டையும் ரவுட்டரில் அணைத்துவிடுங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றுங்கள். இன்னொன்று, பலர் யோசிப்பதே இல்லை: பொருத்திக் கொடுத்தவர் தன் கைபேசி ஆப்பில் உங்கள் டிவிஆரைச் சேர்த்திருப்பார், இன்றும் அது அவரிடம் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் அம்மா எத்தனை மணிக்குக் கோவிலுக்குப் போகிறார் என்பது எட்டு ஆண்டுகளாக வேறொருவரின் கைபேசியில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சாதனத்தின் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, மற்ற எல்லாரையும் நீக்கிவிட்டு, தேவையானவரை மட்டும் பார்க்கும் உரிமையோடு சேருங்கள்.

புதிய ரெக்கார்டரை வாங்கும்போது, பழைய கோஆக்சியல் கேமராக்களையும் சில ஐபி கேமராக்களையும் ஒன்றாக ஏற்கும் எக்ஸ்விஆர் வகையை எச்.265 வசதியோடு எடுங்கள். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று பழைய கேமராக்கள் எந்த முறையில் படம் அனுப்பினாலும் இவை பெரும்பாலும் தாமே கண்டுகொள்ளும். ஆனாலும் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கேமரா ஒன்றைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். மனிதரையும் வாகனத்தையும் மட்டும் பிரித்து எச்சரிக்கும் வசதி இருந்தால், நாயும் பூனையும் அசையும் இலையும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது. இப்படிச் செய்தால் சுவருக்குள் ஓடும் கேபிளும், ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கேமராக்களும் அப்படியே பயன்படும். ஐபி கேமரா சேர்க்கும் இடத்துக்கு மட்டும் முழுச் செம்பு கேட்6 (Cat6) வலையமைப்புக் கேபிளும் பிஓஈ சுவிட்சும் வேண்டும்; 100 மீட்டருக்குள் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும். வைஃபை கேமராவை வாடகை வீட்டுக்குச் சொல்வேன், உங்கள் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். கேட் வரை சிக்னல் போவதில்லை, மெமரி கார்டு கேமராவிலேயே இருப்பதால் கேமராவைப் பிடுங்கினால் சான்றும் போய்விடும்.

எதை வாங்கினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கண்காணிப்புக் கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே விற்பனைக்கு வேண்டிய அரசின் கட்டாயப் பதிவைப் பெற முடியும். 2025 ஏப்ரல் 9 முதல் இது நடைமுறைக்கு வந்தது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் கேமராவை இது கட்டுப்படுத்தாது. ஆனால் திடீரென்று பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய இருப்பை வாங்கும்முன் அந்த மாடல் சோதனையில் தேறியதா என்று எழுத்தில் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கேமரா நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுப்பது அரிது. வயதான இருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் புதுக் கேமராவை விட்டுவிட்டு அலாரம் போடச் சொல்வேன்: முன் கதவிலும் கொல்லைக் கதவிலும் காந்த சென்சார், கூடத்தில் ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சார், வெளியே தெருவுக்குக் கேட்கும் சைரன், கட்டிலருகே அவசர பொத்தான். கைபேசி சிம் போட்டுத் தானே அழைக்கும் பேனல் என்றால், அது 2ஜியில் மட்டும் இயங்குவதா என்று பாருங்கள்; அப்படியானால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து, எண் செயலிழந்து, பேனல் பச்சை விளக்கோடு சும்மா நிற்கும் வீடுகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியையும் நம் வெயிலுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கூடத்துக்குள் கேமரா வைக்கும் எண்ணம் இருந்தால் பெற்றோரைக் கேட்டுவிட்டு வையுங்கள். மறுத்தால் வைக்காதீர்கள், அது அவர்களுடைய வீடு. பக்கத்து வீட்டுச் சன்னலோ படுக்கையறையோ படத்தில் விழுந்தால், மெனுவில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. குடும்பத்தோடு எல்லாரும் வெளியூர் போகும் நாட்களில் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதையும் விட வேண்டாம்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதானால், 'சர்வீஸ் செய்யப்படும்' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். வருகிறவர் ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவை ஒவ்வொரு கேமராவிலும் ஓட்டிக் காட்ட வேண்டும், இரவு நிலையில் மின்னழுத்தத்தை அளந்து எழுத வேண்டும், சைரனை அடித்துக் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கிடையில் வாரம் ஒருமுறை, பெங்களூரிலிருந்தபடியே, முந்தைய நாள் இரவு இரண்டு மணிப் பதிவைக் கைபேசியில் திறந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை. டிஸ்க், மின்சாரம், கடிகாரம், இணையம் நான்கும் ஒரே சமயத்தில் சோதிக்கப்பட்டுவிடும்.

ஊருக்குப் போய்வந்தபின், கேட் கேமரா முனையில் இரவு நிலையில் இருந்த வோல்ட், அதே நேரத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்த வோல்ட், பிளேபேக் நாள்காட்டியில் பதிவு இருந்த நாட்கள், டிவிஆரின் மாடல் எண் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, கேட்டுக்குப் புது மின்கம்பி போதுமா, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா, எந்த வகை ரெக்கார்டர் உங்கள் கேமராக்களோடு ஒத்துப்போகும் என்று திட்டமாகச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.